லிஃப்ட் இல்லாத மலையில் பனிச்சறுக்கு: மலையூர்களுக்கு அதனால் என்ன வரவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பனிச்சறுக்கைப் பற்றிய பேச்சு இது?

ஆட்களைக் கம்பிவடத்தில் மலைமேல் ஏற்றும் லிஃப்ட், இயந்திரம் வைத்துச் சமன்படுத்திய தடம், டிக்கெட் கவுன்ட்டர் எதுவும் இல்லாத மலையில் நடப்பது. ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையின் அடியில், பின்னால் வழுக்காமல் பிடிக்கும் 'ஸ்கின்' என்கிற பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் மேலே ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பையில் வைத்துவிட்டு, யாரும் மிதிக்காத பனியில் இறங்குவார்கள். மூன்று மணி நேரம் ஏறினால் இறக்கம் அரை மணிகூட இருக்காது. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் ட்ரான்ஸீவர் உடம்போடு கட்டியிருக்கும். துழாவும் கோலும் பனி வாரும் மண்வெட்டியும் பையில் இருக்கும். அமெரிக்காவில் இதைப் பேக்கன்ட்ரி ஸ்கீயிங் என்கிறார்கள், ஐரோப்பாவில் ஸ்கீ டூரிங்.

டிக்கெட்டே இல்லை என்றால் ஊருக்குக் காசு எந்த வழியாக வரும்?

படுக்கை, சாப்பாடு, பெட்ரோல், வழிகாட்டி, வாடகைக் கருவி, பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு. கிட்டத்தட்ட இவ்வளவுதான். லிஃப்ட் உள்ள ரிசார்ட்டில் பயணியின் செலவில் பெரிய துண்டு டிக்கெட்டாக ஒரே நிறுவனத்தின் கல்லாவுக்குப் போகிறது. இங்கே அந்தத் துண்டே கிடையாது. ஆகவே தலைக்குச் செலவு குறைவு. ஆனால் செலவாகிற தொகை ஐந்தாறு சின்னக் கைகளுக்குப் பிரிந்து போகிறது.

அந்தக் கைகள் ஊர்க்காரர்களுடையவையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மலை எவ்வளவு அழகு, பனி எத்தனை அடி, வண்டிகள் எத்தனை வந்தன என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

வண்டி நிறுத்துமிடம் தினமும் நிரம்பி வழிகிறதே, அது நல்ல அறிகுறி இல்லையா?

எப்போதும் இல்லை. ஒரு பயணியை மட்டும் பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டு மணி நேரத் தூரத்தில் உள்ள நகரத்திலிருந்து விடியுமுன் கிளம்புகிறார். பெட்ரோல் நகரத்திலேயே போட்டாயிற்று. சாண்ட்விச் வீட்டில் கட்டியது, ஃபிளாஸ்கில் காபி. ஆறரை மணிக்கு மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்துகிறார், ஏறுகிறார், இறங்குகிறார், ஒரு மணிக்குத் திரும்பி ஓட்டுகிறார். ஊருக்குள் அவர் கால்கூடப் படவில்லை. அவருக்காகச் சாலையில் பனி தள்ளிய செலவு மட்டும் ஊர் பேரில், அல்லது மாவட்டத்தின் பேரில் ஏறியிருக்கிறது. இப்படி இருநூறு பேர் வந்தால் நிறுத்துமிடம் நிரம்பும், ஊர்க் கல்லா நிரம்பாது.

அதே ஆள் முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கினால் கணக்கு அடியோடு மாறுகிறது. இரவுச் சாப்பாடு, அறை, காலைச் சிற்றுண்டி, மலைக்குக் கட்டிக்கொள்ளும் ரொட்டி, மறந்துவிட்ட கையுறை, பிறகு இறங்கி வந்ததும் ஒரு சூப்பும் பீரும். பகல் பயணிகளை இரட்டிப்பாக்குவதைவிட, இருப்பவர்களில் ஒரு பங்கை ஓரிரவு தங்க வைப்பது பெரும்பாலான ஊர்களுக்கு லாபம். சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் 'படுக்கை இரவு' என்று எண்ணுவது இதற்காகத்தான்.

ஊருக்குள் வந்த காசு ஊரிலேயே சுற்றுமா?

ஓரளவு. சின்ன ஊர் என்பது ஓட்டைப் பானை. பயணி கொடுத்த நூறில் கடைக்காரர் சரக்குக்கு ஐம்பதை வெளியூர் மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடுகிறார். விடுதியை வெளியூர் ஆள் வாங்கி இணையத்தில் வாடகைக்கு விட்டிருந்தால் வாடகையும் அங்கேயே போகிறது, முன்பதிவுத் தளத்தின் கமிஷனும் போகிறது. கடைசியில் ஊரில் நிற்பது துப்புரவு செய்த பெண்ணின் கூலி மட்டுமாகக்கூட இருக்கலாம்.

ஊரில் நின்ற பணம் கை மாறி மாறி எத்தனை மடங்காகிறது என்பதைப் பொருளியலில் பெருக்கி என்கிறார்கள். ஊர் சிறிதாக ஆக இந்தப் பெருக்கி சிறிதாகும், ஏனென்றால் ஊருக்குள் வாங்குவதற்குப் பொருள் குறைவு. ஒரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ கணக்கிட்ட பெருக்கியை அறுநூறு பேர் வாழும் ஊருக்குப் போட்டுப் பெரிய எண்ணைக் காட்டும் அறிக்கைகளைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

வழிகாட்டித் தொழில் இதில் கொஞ்சம் விதிவிலக்கு. அங்கே விற்பது ஒரு மனிதரின் அறிவும் நாளும்தான். வெளியே போக வேண்டிய சரக்கு கிட்டத்தட்ட இல்லை. ஊரிலேயே பிறந்தவர் பயிற்சி பெற்று வழிகாட்டியானால், பயணி கொடுக்கும் கட்டணம் அப்படியே ஒரு குடும்பத்தின் சம்பளம். ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பல ஆண்டுகளும் பெருஞ்செலவும் ஆகும். அதனால்தான் பல ஊர்களில் மலை உள்ளூர்க்காரர்களுடையது, வழிகாட்டி வெளியூர்க்காரர்.

மலைக் குடில்கள் கட்டினால் பயன் உண்டா?

உண்டு, நிறைய. ஒரு நாள் பயணத்தை மூன்று நாள் பயணமாக மாற்றும் சக்தி குடிலுக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 'டென்த் மவுண்டன் டிவிஷன்' குடில் சங்கம் 1980-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்காக அந்த மலைகளில் பயிற்சி பெற்ற படைப்பிரிவின் பெயர் அது. முதல் இரண்டு குடில்கள் 1982-இல் வந்தன. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மெக்னமாரா தன் மனைவி மார்ஜியின் நினைவாக அதற்கு உதவினார். இந்தக் குடில்களில் குளிர்காலத்தில் பரிமாற ஆள் கிடையாது. குடிக்கப் பனியை உருக்கிக்கொள்ள வேண்டும், அடுப்புக்கு விறகு, விளக்குக்குச் சூரிய மின்சாரம். அந்த விறகு கோடையிலேயே வெட்டி, ஏற்றி, அடுக்கப்பட்டது. பராமரிப்பு, கழிவறை சுத்தம், கூரை பழுது எல்லாமே சேர்த்து, குளிர்காலப் பயணி கொடுக்கும் வாடகை கோடைக்கால வேலையாகவும் மாறுகிறது. இதை அறிக்கைகள் அநேகமாகக் கவனிப்பதில்லை.

நார்வேயின் மலைப்பயணச் சங்கம் 1868 முதல் இயங்குகிறது. அவர்களின் ஆளில்லாக் குடில்களுக்கு உறுப்பினர்கள் ஒரே மாதிரிச் சாவி வைத்திருப்பார்கள். சிலவற்றில் அலமாரி நிறைய டின் உணவு இருக்கும். எடுத்ததை நீங்களே எழுதிப் பணம் கட்டிவிட வேண்டும். காவலுக்கு யாரும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1863-இல் பிறந்த ஆல்பைன் கிளப் என்கிற மலையேறிகள் சங்கத்திடம் சுமார் 150 குடில்கள் இருக்கின்றன. ஆள் உள்ளவற்றில் குடில்காரர் குடும்பம் சமைத்துப் போட்டு அதிலேயே பிழைக்கிறது. பிரான்ஸின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை போகும் 'ஓத் ரூட்' ஸ்கீ பயணம் இப்படிக் குடில் விட்டுக் குடில் தாண்டுவதுதான். குடில்கள் இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

சுரங்கம் மூடிய ஊர்களுக்கு இது மாற்று வழி ஆகுமா?

ஒரு பங்கு ஆகும். முழுதும் ஆகாது.

கொலராடோவின் சில்வர்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில், சுமார் 600 பேர் வாழும் ஊர். கடைசிப் பெரிய சுரங்கமான சன்னிசைட் 1991-இல் மூடப்பட்டது. கோடையில் டுராங்கோவிலிருந்து வரும் பழைய நீராவி ரயில் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கும். குளிர்காலத்தில் தெரு வெறிச்சோடிவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பியது பனிதான். 2002-இல் ஒரே ஒரு லிஃப்ட்டோடு, தேர்ந்தவர்களுக்கு மட்டுமான ஒரு பனிச்சறுக்கு மலை அங்கே திறந்தது. அதற்கு முன்பே, 1962 முதல், அங்கே ஒரு பனிச்சரிவுப் பள்ளி நடக்கிறது. எனக்குப் பிடித்தது இந்தப் பள்ளிதான். மற்ற ஊர்கள் ஆபத்து என்று மறைக்கும் சரிவுகளையே பாடமாக விற்கிறார்கள். வகுப்புக்கு வருகிறவர் நாள்கணக்கில் தங்குவார், புயலடித்தாலும் கிளம்ப மாட்டார்.

கிர்கிஸ்தானின் ஜிர்கலான் நிலக்கரிக்காக வளர்ந்த ஊர். சோவியத் ஒன்றியம் போன பிறகு வேலையும் போனது. இன்று கரக்கோல் நகரிலிருந்து கிழக்கே அங்கே போகிறவர்கள் குளிர்காலத்தில் ஸ்கீ டூரிங்குக்கும் கோடையில் மலைநடைக்கும் போகிறார்கள். வீடுகள் விருந்தினர் இல்லங்களாக மாறியிருக்கின்றன. வீட்டுக்காரரே சமைக்கிறார், வீட்டுக்காரரே வண்டி ஓட்டுகிறார். ஓட்டைப் பானை என்று மேலே சொன்னோமே, அந்த ஓட்டை இங்கே சின்னது.

ஆனால் சுரங்க வேலை ஆண்டு முழுதும் சம்பளம் தந்தது. இது சில மாத வேலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் லிஃப்ட் இல்லை, பெரிய ஹோட்டல் இல்லை. ஆள் வருவார்களா?

ஆஸ்திரியாவின் கிழக்கு டிரோலில் வில்கிராட்டன் பள்ளத்தாக்கு தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட வாசகம்: 'எங்களிடம் வாருங்கள், எங்களிடம் ஒன்றும் இல்லை.' வேடிக்கைக்குச் சொன்னதல்ல. லிஃப்ட் கட்டாமல் விட்டதையே சரக்காக்கினார்கள். அந்நாட்டு ஆல்பைன் சங்கம் 2008-இல் தொடங்கிய 'மலையேற்றக் கிராமங்கள்' திட்டமும் இதே போக்குதான்: பெரிய இயந்திரக் கட்டுமானங்களை ஒதுக்கிய ஊர்களுக்கு ஒரு பொதுப் பெயர், பொது விளம்பரம். பிறகு அது ஜெர்மனி, இத்தாலி, ஸ்லோவீனியா என்று பரவியது.

இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் மைரா பள்ளத்தாக்கும் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி மக்கள் இறங்கிப் போய்ப் பாதி ஊர்கள் காலியான இடம். பெரிய ரிசார்ட் வராததால் மலை கெடாமல் தப்பியது. இப்போது ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து ஸ்கீ டூரிங் ஆட்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குகிறார்கள், கல் வீடுகளை மாற்றி அமைத்த சிறு விடுதிகளில்.

செலவுப் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். லிஃப்ட் இரண்டு வகையிலும் தின்னும். ஓடினால் மின்சாரம், ஓடாவிட்டால் கடன் வட்டியும் காப்பீடும். அது இல்லாத ஊருக்கு மோசமான குளிர்காலம் வந்தால் வருமானம் குறையும், திவால் ஆகாது.

எந்த மாதங்களில் காசு வருகிறது?

பருவத்தின் ஓரங்களில் வருவதுதான் இதன் தனிச்சிறப்பு. ஆல்ப்ஸில் உயரக் குடில்கள் ஸ்கீ டூரிங்குக்காகத் திறந்திருப்பது மார்ச் முதல் மே வரை. ரிசார்ட்டுகள் மூடும் நேரம், கோடைக் கூட்டம் வராத நேரம். வடக்கு நார்வேயின் லிங்கன் மலைகளில் நடுக்குளிர்காலத்தில் சூரியனே எழுவதில்லை. பகல் நீண்ட வசந்தத்தில்தான் ஸ்கீ ஆட்கள் வருகிறார்கள், உச்சியிலிருந்து கடற்கரை வரை சறுக்க. ஏற்கெனவே நிரம்பிய ஓர் அறையில் இன்னொருவரைத் திணிப்பதால் ஊருக்குப் பெரிய ஆதாயம் இல்லை. பூட்டிக்கிடந்த அறையைத் திறக்க வைக்கிற பயணிதான் புது வரவு. சமையல்காரரை ஏப்ரலில் வேலையை விட்டு அனுப்பாமல் வைத்துக்கொள்ள முடிவதும் அந்தப் பயணியால்தான்.

ஹெலிகாப்டர் பனிச்சறுக்கும் இதில் சேருமா?

அது தனிக் கதை. கனடாவின் புகபூ மலைகளில் 1965-இல் ஹான்ஸ் க்மோசர் என்ற மலை வழிகாட்டி அதை வணிகமாகத் தொடங்கினார். தலைக்குச் செலவு பல மடங்கு. ஆனால் விருந்தினர் பெரும்பாலும் தனி லாட்ஜில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கிருந்தே பறந்துவிடுவார். ஊருக்கு வருவது முக்கியமாக வேலைவாய்ப்பு: விமானி, பொறியாளர், வழிகாட்டி, சமையல். நல்ல சம்பளம்தான். காலால் ஏறுகிறவர்களுக்கும் ஹெலிகாப்டருக்கும் ஒரே மலையில் ஒத்துப்போகாது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று எப்படித்தான் எண்ணுவது?

டிக்கெட் இல்லாததால் யாரும் தானாக எண்ணுவதில்லை. தடத்தின் தொடக்கத்தில் ஆட்களை எண்ணும் அகச்சிவப்புக் கதிர்க் கருவி வைக்கலாம், நிறுத்துமிடத்தில் வண்டிகளை எண்ணலாம், மாதிரிக்குச் சிலரை நிறுத்திக் கேட்கலாம். அந்தக் கருவிக்கு மனிதரும் நாயும் ஒன்றுதான், ஒரே ஆள் போவதும் வருவதும் இரண்டு. ஆகவே கேட்டு அறிந்த விவரத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கேட்கும்போது மூன்று கேள்விகள் விட்டுப்போகக் கூடாது: எங்கிருந்து வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், இந்த மலை இல்லாவிட்டாலும் இந்த ஊருக்கு வந்திருப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அவர் செலவு முழுவதையும் பனிச்சறுக்கின் கணக்கில் எழுத முடியாது. ஊர்க்காரர் செலவும் அப்படியே; அவர் மலைக்குப் போகாவிட்டால் அதே பணத்தை ஊரிலேயே வேறெதற்காவது செலவழித்திருப்பார்.

தேசியப் புள்ளிவிவரங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் கவனம் தேவை. அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பின் கணக்குப்படி 2023-இல் வெளிப்புறப் பொழுதுபோக்குகளின் பங்கு அந்நாட்டு மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம், சுமார் 50 லட்சம் வேலைகள். எண் சரிதான். ஆனால் அதில் படகும் மீன்பிடிப்பும் நெடும்பயண வண்டிகளும் அடங்கும். காலால் ஏறிச் சறுக்குவது அதில் ஒரு சிறு துளி.

பனிச்சரிவு, மீட்பு: இந்தச் செலவெல்லாம் யார் தலையில்?

பெரும்பாலும் பொதுப்பணமும் தன்னார்வலர்களும். 2020-21 குளிர்காலத்தில் மட்டும் அமெரிக்காவில் பனிச்சரிவில் 37 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு தேடுதலிலும் அந்தச் சின்ன ஊரின் மெக்கானிக்கும் ஆசிரியரும் வேலையை விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறார்கள். அவர்கள் இழக்கும் கூலி எந்தப் பொருளாதார அறிக்கையிலும் செலவாகக் காட்டப்படுவதில்லை. காட்ட வேண்டும்.

தினசரி பனிச்சரிவு முன்னறிவிப்பு இந்தச் சுற்றுலாவின் அடித்தளம். அது இல்லாத இடத்துக்கு விவரமான பயணி வர மாட்டார், விவரமில்லாதவர் வந்து மாட்டிக்கொள்வார். கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் நாடு கடக்கும் நெடுஞ்சாலையைக் காக்க ராணுவம் பீரங்கி சுட்டுப் பனியைச் சரிக்கிறது. அதனால் எந்தச் சரிவு இன்று திறந்திருக்கிறது என்று அங்குள்ள தேசியப் பூங்காவின் நிர்வாகம் காலையில் அறிவிக்கிறது, அதற்கென்று குளிர்கால அனுமதி முறையும் இருக்கிறது. அத்தனை சிக்கலுக்கு நடுவிலும் ஆட்கள் வருகிறார்கள், சுமார் 70 கி.மீ. தள்ளி ரெவல்ஸ்டோக்கில் தங்குகிறார்கள். கனடாவின் பனிச்சரிவு முன்னறிவிப்பு அமைப்பின் தலைமையகமும் அதே ஊரில்தான். தகவல் தருவதும் அங்கே ஒரு வேலைவாய்ப்பு.

வீட்டு வாடகை ஏறிவிடாதா?

ஏறும். இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஜாக்சனில் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் டீட்டன் கணவாய்க்கு மறுபுறம், பக்கத்து மாநிலமான ஐடஹோவில், விக்டர், டிரிக்ஸ் ஊர்களில் வாழ்கிறார்கள். அந்தக் கணவாயே பேர்போன பேக்கன்ட்ரி களம். சுமார் 2,570 மீட்டர் உயரத்தில் உள்ள நிறுத்துமிடத்திலிருந்து நேரே ஏறத் தொடங்கலாம். 2024 ஜூனில் நிலச்சரிவில் சாலையின் ஒரு துண்டு இடிந்து விழுந்தபோது, ஜாக்சனின் சமையலறைகளும் மருத்துவமனையும் யாரை நம்பி ஓடுகின்றன என்பது ஒரே நாளில் வெளிச்சமானது. வாரக்கணக்கில் அவர்கள் நீண்ட தூரம் சுற்றி வேலைக்கு வந்தார்கள். ஜாக்சனின் விலைக்குப் பனிச்சறுக்கு மட்டும் காரணமல்ல, பெரும் பணக்காரர்களின் வீடுகளும் வரிச் சலுகையும் சேர்ந்த கதை. ஆனாலும் குறுகியகால வாடகைக்கு வரம்பு வைப்பது பற்றி ஓர் ஊர் யோசிக்க வேண்டியது கூட்டம் வருவதற்கு முன்பு, வந்த பிறகு அல்ல.

ஒரே சாலையை நம்பிய ஊர் என்றால்?

பிரான்ஸின் லா கிராவ் மலைக்கு ஒரு பழைய ரோப்வே உண்டு, சமன்படுத்திய தடம் அநேகமாகக் கிடையாது. 2015 ஏப்ரலில் மலை நகர்ந்து ஷாம்போன் சுரங்கப்பாதை மூடப்பட்டதும், கிரெனோபிள் நகரப் பக்கமிருந்து வரும் வழி அறுந்தது. நேர் வழி முழுதாகத் திரும்பியது 2017-இல்தான். வருமானம் முழுவதையும் வெளியூர்ப் பயணியிடம் வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பள்ளத்தாக்கு நேரில் பார்த்தது.

அரசோ பெரிய முதலீட்டாளரோ வராமல் ஊரே தொடங்க முடியுமா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஊரான ரோச்செஸ்டரைப் பாருங்கள். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் பாலங்களையும் சாலைகளையும் அடித்துக்கொண்டு போய் ஊரைத் துண்டித்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள் தடச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மலைகள் முழுதும் அடர்காடு. மரங்களுக்கு நடுவே புதரை வெட்டி வழி ஏற்படுத்தாமல் சறுக்க முடியாது. முன்பு அதைத் திருட்டுத்தனமாக வெட்டினார்கள். இவர்கள் வனத்துறையோடு உட்கார்ந்து பேசி, எந்த மரத்தைத் தொடக் கூடாது என்று குறித்து, தன்னார்வலர்களைக் கூட்டிச் சட்டப்படி வெட்டினார்கள். பிராண்டன் கேப் என்ற அந்தக் களம் 2016-இல் திறந்தது. பெருஞ்செலவு இல்லை, அரிவாள், ரம்பம், நிறைய கூட்டங்கள். கூட்டங்கள்தான் அதிகம்.

முதல் பணத்தை எதில் போடலாம்?

விளம்பரப் படத்தில் வேண்டாம். பனி தள்ளிய நிறுத்துமிடம், ஒரு கழிவறை, அன்றைய பனிச்சரிவு நிலையை எழுதும் பலகை. நிறுத்துமிடம் ஊருக்கு வெளியே மலையடியில் இருப்பதைவிட ஊருக்குள் இருந்து அங்கிருந்து வேன் விட்டால் இன்னும் நல்லது. ஆட்கள் கடைகளைக் கடந்துதான் போக வேண்டும். அடுத்தது விடுதிகளில் ஈர பூட்ஸையும் ஸ்கின் பட்டையையும் உலர்த்த ஒரு சூடான அறை. பட்டை ஈரமாக இருந்தால் மறுநாள் பசை ஒட்டாது, பயணி ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பிறகு நேரம். இந்தப் பயணிகள் ஐந்து மணிக்கே கிளம்புகிறவர்கள், பிற்பகல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே பசியோடு இறங்குகிறவர்கள். காலை எட்டு மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கு அடுப்பை அணைக்கும் உணவகம் இரண்டு வேளையும் அவர்களைத் தவறவிடுகிறது. நேரத்தை மாற்ற முதலீடு ஒன்றும் தேவையில்லை, சமையல்காரர் ஒத்துக்கொண்டால் போதும்.